தை ஐந்தாம் நாள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பொங்கலைப் பாடாத கவிஞர் இல்லை. புதுப்பானையும் செங்கரும்பும் மஞ்சள் கொத்தும் கவியரங்கம்தோறும் பாடப்பெறுகின்றன. ஆயினும் விழுப்புரம் வட்டாரத்தில் பொங்கல் மூன்று நாளோடு முடிவதில்லை. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா உண்டு. முதியோர் வாழ்வில் அந்த ஐந்தாம் நாளுக்குள்ள இடமே இவ்வுரையின் பொருள்.

அன்று பிடாகம், பேரங்கியூர் முதலிய ஊர்களின் ஆற்றங்கரைக்குச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் அலங்காரத்தோடு எழுந்தருளும், தீர்த்தவாரி நிகழும். மேற்கே மணலூர்பேட்டைக்கு அண்ணாமலையாரே வருவார். குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் வந்து மணலில் அமர்ந்து உண்பர். சுருளிக்கிழங்கு வாங்காமல் எவரும் வீடு திரும்பார்.

ஆனால் அரசு நாட்காட்டியில் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என விடுமுறை மூன்றே. காணும் பொங்கல் மாலையிலேயே பயணம் தொடங்கிவிடுகிறது. விழுப்புரம் சந்திப்பில் தொடர்வண்டிக்கும், திண்டிவனத்தில் சென்னைப் பேருந்துக்கும் கூட்டம் முண்டியடிக்கிறது. பச்சரிசியும் மொச்சையும் பூசணிக்கீற்றும் பைகளில் ஏறுகின்றன. பேரப்பிள்ளைகளின் கையசைப்பு மறைந்தபின் வீட்டில் இருவர் எஞ்சுகின்றனர். சில வீடுகளில் ஒருவரே.

மறுநாள் காலை வாசலைக் கண்டால் விளங்கும். தெருவை அடைத்து வண்ணம் தீட்டிய கோலம் நாலு புள்ளிக் கோலமாகச் சுருங்கியிருக்கும். மாவிலைத் தோரணம் வாடியிருக்கும். கடித்து எறிந்த கரும்புச் சக்கையைக் கூட்டும் கை, பேரனின் ஒற்றைச் செருப்பைக் கண்டு அதைமட்டும் எடுத்துத் திண்ணையில் வைக்கும். இவை சிறிய காட்சிகள். முதுமையின் நாள்கள் இத்தகைய சிறிய காட்சிகளாலேயே ஆனவை.

ஐந்தாம் நாள் அதே மூதாட்டி புளிச்சோறு கிளறித் தூக்கில் இட்டுக்கொண்டு ஆற்றுக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் இல்லையே என்று அவர் அந்த நாளை விடுவதில்லை. எந்த ஆண்டில் நீர் ஓடியது, எந்த ஆண்டில் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்டனர், மணல் எங்கே குறைந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து பெருகி வந்த வெள்ளம் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய ஆண்டுகளே அவருக்கு நாட்குறிப்பு. 2025இல் அரசு ஜனவரி 17ஆம் நாளையும் விடுமுறையாக்கியது. தை ஐந்து சனிக்கிழமையாக அமைந்தமையால், வந்த பிள்ளைகள் ஆற்றுத் திருவிழா வரை தங்குவதற்கு அவ்வாண்டு வழி பிறந்தது. அத்தகைய வாய்ப்பு ஆண்டுதோறும் அமைவதன்று.

இவ்வட்டாரத்துக்குச் சிறிய காட்சிகளைப் போற்றிய மரபு புதியதன்று. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓர் ஏழையின் அடுக்களையையும் காட்டுகிறது. அங்கே குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. பசித்த குடும்பம் உப்பின்றி வெந்த கீரையைக் கதவை அடைத்துவிட்டு உண்கிறது. அதே நூலில், ஆமூர் உழவர் குடிப் பெண் தன் பிள்ளைகளைக் கொண்டு வழிச்செல்வோரைத் தடுத்து நிறுத்திச் சோறும் நண்டுக்கறியும் படைக்கிறாள். அன்று வழிப்போக்கரைத் தடுக்கப் பிள்ளைகள் இருந்தனர். இன்று வழிப்போக்கராகிச் செல்வோர் பிள்ளைகளே. தடுக்கும் உரிமை தாய்க்கு இல்லை. அவர்கள் செல்வது பிழைப்புக்காக. அதனைக் குற்றம் கூறுதல் தகாது.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். சுவாமி ஆற்றுக்கு வருவது நிற்காது. ஆனால் எந்த இடத்தில் அமர்வது, யாருக்கு முதலில் சோறு பிசைந்து தருவது, கிழங்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்னும் வீட்டு வழக்கம், அதனை அறிந்தவர் மறைந்தால் உடன் மறையும். கோயிற் கல்வெட்டில் அதற்கு இடமில்லை.

ஆதலால் கவிஞர் பெருமக்கள் அடுத்த தை ஐந்தாம் நாள் கவியரங்க மேடையை விடுத்துத் தென்பெண்ணை மணலுக்கு வருதல் வேண்டும். தனியே அமர்ந்து தூக்கைத் திறக்கும் ஒரு மூதாட்டியின் அருகில் அமர்தல் வேண்டும். அவர் ஒரு கவளம் நீட்டுவார், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். கவிதையைப் பிறகு எழுதலாம்.