கார் கழுவும் ஹோஸும் எங்கள் நிலவறையும்



இன்று நான் பேச வந்திருப்பது கார் கழுவுகிற தண்ணீர் ஹோஸ் பற்றி. உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. வானொலியில் பத்து நிமிடம் தந்தால் இந்த மனுசன் ஓஸ் பைப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2013 மார்கழியில் ரொறன்ரோவில் ஐஸ் மழை பெய்து, நத்தார் நாட்களில் பல வீடுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய கார்த்திகை மாதத்தில் ஒருநாள், ஸ்காபுரோவில் எங்கள் வீட்டு வெளிப் பைப்பில் பூட்டியிருந்த ஹோஸைக் கழற்றப் போனேன். அது அசையவில்லை. குறடு போட்டுத் திருகினேன், அப்போதும் அசையவில்லை. மலிவு விற்பனையில் வாங்கிய ஹோஸ். அதன் தலைப்பூட்டு அலுமினியம், வீட்டுப் பைப் பித்தளை. இந்த இரண்டு உலோகமும் ஈரத்தில் கனகாலம் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து, சீமெந்து பூசினதுபோல் இறுகிவிடும். கை விறைத்தது. "சரி, வசந்தத்தில் பார்ப்போம்" என்று விட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

சித்திரை மாதம் முதலாவது வெயில் சனிக்கிழமை. குளிர்காலம் முழுவதும் தெருவில் கொட்டின உப்பு காரின் அடியில் அப்பிக் கிடந்தது. பைப்பைத் திறந்து நாற்பது நிமிடம் ஆறுதலாகக் கழுவினேன். தண்ணீர் வழமையைவிட மெதுவாக வந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கீழே நிலவறையில் இருந்த மாமி மேலே ஏறி வந்து, "தம்பி, கூரையாலை மழை பெய்யுது" என்றார்.

என்ன நடந்தது என்று பிறகு வந்த பிளம்பர் விளங்கப்படுத்தினார். இங்கே பல வீடுகளில் வெளிப் பைப்புக்கு உறையாத பைப் என்று பெயர். கைபிடி வெளியில் இருந்தாலும், தண்ணீரை அடைக்கிற வால்வு ஓர் அடி அளவில் சுவருக்குள், சூடான பக்கத்தில் இருக்கும். பூட்டியதும் இடையில் உள்ள தண்ணீர் வெளியே வடிந்துவிடும், அதனால் உறைய ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஹோஸ் பூட்டியபடி இருந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. உறைந்து விரிந்து குழாயை வெடிக்கப்பண்ணும். வெடிப்பு வால்வுக்கு வெளிப்பக்கம் என்பதால் குளிர்காலத்தில் ஒரு சொட்டும் ஒழுகாது. வசந்தத்தில் பைப்பைத் திறக்கிற அன்றுதான் தண்ணீர் சுவருக்குள் பாயும்.

மாமியின் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் இருந்தது. அதற்குள் ஓர் அல்பம். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் பொலித்தீன் பையில் சுற்றி அவர் தூக்கித் திரிந்த அல்பம். என் மனைவியின் தம்பி இப்போது இல்லை. அவனுடைய படம் ஒன்றே ஒன்றுதான், பள்ளிக்கூடத்துக்காக எடுத்த சின்னப்படம். அதுவும் அதற்குள்தான் இருந்தது.

நேயர்களே, படம் நனைந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் காயவிடக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் வைத்து மெல்லப் பிரித்து, முகப்பக்கம் மேலே இருக்கத் தனித்தனியே காற்றில் உலர்த்த வேண்டும். என் மகள் அப்படித்தான் செய்தாள். தம்பியின் முகம் தப்பியது. பின்பக்கத்தில் மாமி மையால் எழுதியிருந்த திகதியும் பெயரும் கரைந்துவிட்டன. அடுத்த நாளே எல்லாப் படத்தையும் ஸ்கான் பண்ணி மூன்று இடத்தில் வைத்தோம். முதலே செய்திருக்க வேண்டிய வேலை.

இனி ஹோஸுக்கு வருகிறேன். கடையில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையோ நீளத்தையோ அல்ல, இரண்டு முனையிலும் உள்ள பூட்டை. கனமான பித்தளையாக இருக்கவேண்டும். பித்தளை நிறம் பூசிய அலுமினியமும் விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் பாரம் காட்டிக் கொடுக்கும். உள்ளே இறப்பர் வோஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில சதம் பெறுமதியான வோஷர் தேய்ந்தாலே ஹோஸ் ஒழுகும்.

அடுத்தது உடம்பு. சாதாரண வைனல் மலிவு. வெயிலில் இளகி மடியும், குளிரில் தடிபோல் விறைக்கும். மடிந்த இடத்திலேதான் பிறகு வெடிக்கும். இறப்பர் விலை கூட, பாரமும் கூட. ஆனால் ஐப்பசிக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். தூக்கக் கஷ்டமான வயது என்றால் இரண்டும் கலந்த வகை பரவாயில்லை. தண்ணீர் வந்ததும் மூன்று மடங்காக நீளும் துணி ஹோஸும் நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளே மெல்லிய இறப்பர்க் குழாய்தான். இரண்டாவது கோடையில் பலூன்போல வெடித்தது. என்னைக் கேட்டால் வேண்டாம்.

அகலம் 5/8 அங்குலம் போதும். அரை அங்குலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தண்ணீர் தரும். முக்கால் அங்குலம் கார் கழுவத் தேவையில்லை. நீளம், பைப்பிலிருந்து காரைச் சுற்றி வர எவ்வளவு என்று கயிறு பிடித்து அளந்துவிட்டு வாங்குங்கள். நீளம் கூடக்கூடத் தண்ணீரின் வேகம் குறையும். பாரமும் சேரும். 50 அடி 5/8 அங்குல ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 3 லீற்றர், அதாவது 3 கிலோ. பிள்ளைகள் அதில் வாய் வைத்துக் குடிக்கிற வீடு என்றால், குடிநீருக்கு உகந்தது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். சாதாரண ஹோஸிலும் அதன் பித்தளையிலும் ஈயம் இருக்கலாம்.

சுற்றி வைக்கும் றீல் கட்டாயமில்லை. சுவரில் அடித்த அகலமான கொழுவி ஒன்றே பலருக்குக் காணும். றீல்தான் வேண்டும் என்றால், கையால் சுற்றும் உலோக றீலை எடுத்து, செங்கல்லிலோ சுவரின் மரச் சட்டத்திலோ உறுதியாகப் பூட்டுங்கள். பிளாஸ்ரிக் றீலில் தண்ணீர் புகும் மூட்டுத்தான் முதலில் ஒழுகும். என் மகன் தானாகச் சுருளும் ஸ்பிறிங் றீல் ஒன்று ஆசையாக வாங்கினான். முதல் குளிர்காலத்தில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து மூட்டு வெடித்தது. வெடிக்கப்பண்ணுவதில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒற்றுமை என்று மனைவி சொன்னாள்.

கழுவி முடிந்ததும் முனையில் உள்ள துப்பாக்கிப் பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பைப்பையும் பூட்டி, ஹோஸில் உள்ள அழுத்தத்தை வெளியே விடுங்கள். இன்னொன்று, எங்கள் தெருவோரக் கிடங்கில் விழும் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அதனால் வீட்டில் நான் உப்பையும் சேற்றையும் வெறும் தண்ணீரால் அடித்துவிடுவதோடு சரி. சவர்க்காரம் போட்டுக் கழுவக் காசு போடும் கழுவுமிடத்துக்குப் போகிறேன்.

ஐப்பசி கடைசிக்குள் ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடியவிட்டு, கராஜுக்குள் வையுங்கள். நிலவறையில் அந்தப் பைப்புக்கென்று உள்வால்வு இருந்தால் அதைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்து, உள்வால்வின் பக்கத்தில் உள்ள சின்ன மூடியையும் தளர்த்தி மிச்சத் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடியுங்கள். வசந்தத்தில் முதல்தரம் திறக்கும்போது ஒருவர் கீழே நின்று காது கொடுக்கட்டும். மேலே நிற்பவர் பைப் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பார்க்கலாம். தண்ணீர் இலேசாக அடைபட்டால், அது வேறு வழியால் போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

மாமிக்கு இப்போது 86 வயது. ஒவ்வொரு வருடமும் இலை கொட்டத் தொடங்கினதும், "தம்பி, அந்த ஓஸைக் கழட்டியாச்சோ?" என்று கேட்பார். கழற்றிவிட்டேன் என்று சொன்னாலும், பொல்லை ஊன்றிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.