கரையும் கணக்கும்



ஆடை அமைப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று இந்நாளில் இளைஞர் பலர் வினவுகின்றனர். வேல்ஸ் நாட்டு ஜூலியன் மெக்டொனால்டு, இளமையில் தாயாரிடம் நூற்பின்னல் கற்று, 2001-இல் பாரிஸ் நகரத்து ஜிவான்ஷி நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராகி, பின்னர்த் தொலைக்காட்சியிலும் புகழெய்தியதை எடுத்துக்காட்டுகின்றனர். நன்று. ஆயினும், இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. அடையாற்றுக்குச் சென்றாலே போதும்.

1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1935-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பரதம் ஆடினார். ஆட்டத்தில் மட்டுமன்றி உடையிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். கோயிற் சிற்பங்களை நுணுகி நோக்கி, ஆடுங்கால் விசிறி போல் விரியும் தைத்த உடையை அமைத்தார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. அடுத்த ஆண்டே அங்கு நெசவுப் பிரிவு எழுந்தது. பழம்புடவைகளின் நிறச் சேர்க்கையும் அகன்ற கரைகளும் மீண்டும் தறியேறின.

கோர்வை நெசவைப் பார்த்திருக்கிறீர்களா? உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடாக்கள், ஆக மூன்று ஓடும். நெசவாளருக்கு உதவியாக மற்றொருவரும் தறியில் அமர்வார். ஒவ்வொரு முறையும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும். ஆதலால் இரு நிறங்களும் கலவாமல் நிற்கும், சேலையும் பிரியாது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூரில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், தையற்காரர் மகன் ஒருவன் கணக்கு ஏட்டின் ஓரமெல்லாம் கோபுரக் கரையும் ருத்திராட்சக் கரையும் வரைந்து வைப்பான். “இது படிப்பன்று” என்று சொல்லி, வகுப்பின் முன்னிலையில் அந்தத் தாள்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதன்பின் என் வகுப்பில் அவன் எதையுமே வரையவில்லை.

பல்லாண்டு கழித்து, மகளின் திருமணத்திற்காகத் தியாகராய நகரில் புடவை எடுக்கச் சென்றேன். கடைக்காரர் விரித்த சேலையில் அதே கோபுரக் கரை இருந்தது. பூவொன்று எத்தனை இழைக்கு ஒருமுறை வரவேண்டும் என்று அவர் விளக்கினார். அதுவும் கணக்கே! கணக்கு ஏட்டில் அவன் கணக்கைத்தான் எழுதியிருந்தான். ஆசிரியனாகிய எனக்கு அது தெரியவில்லை.

ருக்மிணி தேவியார் 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார், 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். கல்வியும் பதவியும் உடைய ஒருவர் தறியைத் தாழ்வாக எண்ணவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆகவே, ஆடைக்கலை பயில விரும்புவோரே, முதலில் ஒரு தறியின் அருகே சென்று அமருங்கள், நூலை எண்ணுங்கள். ஆசிரிய நண்பர்களே, ஏட்டின் ஓரங்களையும் சற்றே படித்துப் பாருங்கள்.