அறுந்த செருப்பு



படம் ஓடிய நாட்களைக் கொண்டு அதன் தகுதியை அளப்போர் ரித்விக் கட்டக்கின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். அவருடைய முதல் படமான ‘நாகரிக்’ 1952இல் முடிக்கப்பட்டது. திரைக்கு வந்ததோ 1977இல். அதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

1961இல் வெளிவந்த ‘கோமல் காந்தார்’ பெருந்தோல்வி கண்டது. வங்கப் பிரிவினையின் துயரோடு, நாடகக் குழுவொன்றின் பிளவையும் அது பேசிற்று. அதில் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சாயலைக் கண்டு முகம் சுளித்தவர்களில் இடதுசாரிகளும் உண்டு. மக்களின் ரசனை கெட்டுவிட்டதென வணிகர்களை மட்டும் பழிப்போர் இதனையும் மறத்தலாகாது. இன்று அதே படத்தைத் திரைப்பட ஆர்வலர்கள் போற்றுகின்றனர். 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் பிறரும் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டி முதலாகப் பல ஊர்களில் தோன்றிய சங்கங்கள், படம் முடிந்தபின்னும் அமர்ந்து விவாதிக்கும் பழக்கத்தை வளர்த்தன. ரசனை மாறியதில் அதற்குப் பெரும்பங்குண்டு.

1960இல் வந்த ‘மேகே தாக்கா தாரா’ அவர் வாழ்நாளிலேயே ஓடிய படம். அகதிக் குடியிருப்பில் வாழும் குடும்பத்தை நீதா என்னும் பெண் ஒருத்தியின் சம்பாத்தியமே தாங்குகிறது. அவளது செருப்பின் வார் அறுகிறது. புதிது வாங்கத் தனக்கென அவள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கண்ணீரை வரவழைக்கும் படங்கள் ஏராளம். இப்படமோ அவளை உறிஞ்சி வாழும் அன்பான வீட்டாரையும் காட்டுகிறது. பார்ப்பவர் தம் வீட்டை நினையாதிருக்க இயலாது. இறுதியில், நோயுற்ற நீதா மலைநாட்டு மருத்துவமனையில் இருக்க, அதே தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு அறுகிறது. அவள் கூச்சத்தோடு சிரித்துவிட்டு நடக்கிறாள்.