முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியது
(ஏலூர் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஏலூரில் ஃபாக்ட் போன்ற ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அவசர வழி எது, தீயணைப்பான் எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும்கூடப் பெண்ணுக்குக் கல்யாண மண்டபம் பார்க்கப் போனால் சாப்பாட்டுக் கூடம், ஏ.சி., கார் நிறுத்த இடம் இவற்றைத்தான் விசாரிக்கிறார்கள்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது மாடியில் போட்ட கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. வீடியோ விளக்குக்கான மின் இணைப்பிலிருந்து பற்றிய நெருப்பு. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கும் கீற்றுக் கூரை. அங்கும் வெளியேற வழி போதவில்லை.

எரிந்த கட்டடத்துக்குக் காப்பீட்டுப் பணம் வரலாம். சம்பாதிப்பவரை இழந்த குடும்பத்துக்கு, மாதக்கணக்கில் நீளும் தீக்காய சிகிச்சைக்கு, யார் ஈடு செய்வது? தீயணைப்பானின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். பூ அலங்காரத்துக்கே அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

என் வேண்டுகோள் இதுதான். முன்பணம் கொடுக்குமுன் இரண்டாவது படிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் கதவு பூட்டியிருக்கிறதா, அங்கே நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாடியில் கீற்றுப் பந்தல் வேண்டாம். ஹோமம் நடக்குமிடத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மண்டபக்காரர் முகம் சுளித்தால், வேறு மண்டபம் பாருங்கள்.