மேகத்தில் வைக்கப்பட்ட வில்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில், ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட தேவசெய்தி)



 இன்று நாம் தியானிக்கும் பகுதி ஆதியாகமம் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்கள். நோவாவின் காலத்து ஜலப்பிரளயம்.

ஞாயிறு பள்ளியில் நாம் எல்லாரும் கற்றது இது. 300 முழ நீளமான பேழை, 40 நாள் மழை, ஒலிவ இலையோடு திரும்பிய புறா, எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் வியாதிப் படுக்கையில் இருப்பவர்கள் இதை வேறுவிதமாய்க் கேட்கிறார்கள். "ஐயா, அன்றைக்குத் தண்ணீரால் தண்டித்த தேவன், இன்றைக்கு இந்த நோயால் என்னைத் தண்டிக்கிறாரா?" இந்தக் கேள்வி வார்டுகளில் எங்களிடம் அடிக்கடி வருகிறது. பார்க்க வந்த உறவினரே அப்படிச் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. வேதம் என்ன சொல்லுகிறது?

முதலாவது, நியாயத்தீர்ப்பு. பாபிலோனியரிடமும் ஒரு பிரளயக் கதை இருந்தது. அத்ராஹாசிஸ் என்னும் அந்தப் பழங்காவியத்தில், மனிதரின் இரைச்சலால் தூக்கம் கெட்ட என்லில் என்னும் தெய்வம் அவர்களை அழிக்கத் துணிகிறது. வேதம் சொல்லும் காரணமோ வேறு. பூமியெங்கும் கொடுமை பெருகியிருந்தது. அதைக் கண்ட தேவன் உள்ளம் நொந்தார் என்றே வாசிக்கிறோம். தண்டிப்பதில் மகிழ்கிற நியாயாதிபதி அல்ல அவர்.

இரண்டாவது, ஆசீர்வாதம். தண்ணீர் 150 நாள் பூமியை மூடியிருந்தது. அப்போதும் தேவன் நோவாவையும், அவனோடிருந்த மிருகங்களையும் மறக்கவில்லை. ஆதியிலே மனிதனுக்கு அருளிய ஆசீர்வாதத்தை நோவாவுக்கும் அவன் குமாரருக்கும் மறுபடியும் அருளினார். மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவனாகையால் அவன் உயிருக்குக் கணக்குக் கேட்பேன் என்றும் எச்சரித்தார். கட்டிலில் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த மதிப்பு உண்டு.

மூன்றாவது, உடன்படிக்கை. மனித இருதயம் பொல்லாதது என்று தேவன் பிரளயத்துக்கு முன் கண்டார், அழிவு வந்தது. பிரளயத்துக்குப் பின்னும் அதையே கண்டார். ஆனால் இனி இப்படி அழிப்பதில்லை என்று தீர்மானித்தார். தண்ணீர் மனிதனை மாற்றவில்லை. நோவாவே பிற்பாடு திராட்சரசத்தால் வெறித்துக் கிடந்தான். ஆயினும் உடன்படிக்கை நின்றது. அது மனிதனின் தகுதியின்மேல் கட்டப்பட்டதல்ல. தேவனுடைய வாக்கின்மேல் கட்டப்பட்டது. உயிருள்ள சகல ஜீவன்களும் அதற்குள் அடங்கும்.

அதன் அடையாளம் வில். எபிரெய மொழியில் போர்வீரனின் வில்லுக்கும் வானவில்லுக்கும் ஒரே சொல்தான். தேவன் தமது வில்லை மேகத்தில் வைத்துவிட்டார். அதைப் பார்த்து உடன்படிக்கையை நினைவுகூருவேன் என்று வாக்களித்தவர் அவரே.

பிரியமானவர்களே, கொடுமைக்கு நியாயத்தீர்ப்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே நின்று, இது உன் பாவத்தின் தண்டனை என்று தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரமில்லை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, நம் ஆண்டவர் அந்த எண்ணத்தையே மறுத்தார். பின்பு அவனுக்குப் பார்வையளித்தார்.

நீங்கள் வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது, தேவன் கீழே வைத்துவிட்ட வில்லை நாம் கையில் எடுக்காதிருப்போமாக. அவருடைய வாக்கை மட்டும் கொண்டுசெல்வோம். நம்மை மறவாத தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.