பெயருக்குள் இருக்கும் பக்குவம்

காரம் தூக்கலாக, எண்ணெய் மிதக்கக் கோழிக்குழம்பு வைத்தால் அதற்குச் 'செட்டிநாடு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். உணவகப் பலகைகளில் பார்த்துப் பழகிய அந்தப் பெயர் இப்போது நம் வீட்டு அடுப்படிக்கும் வந்துவிட்டது. காரைக்குடியைச் சுற்றி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கும் நகரத்தார் ஊர்களின் சமையல்தான் செட்டிநாட்டுச் சமையல். அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத் தெரியும், காரம் அதில் ஒரு பங்குதான்.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். அந்தக் குவியல்தான் உளுந்தின் அளவு. ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிச் சுட வேண்டும். சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் ருசி இருக்கலாம், வெள்ளைப் பணியாரம் இல்லை. அதே மாவைக் குழிக்கல்லில் ஊற்றினால் அது வேறு பலகாரம். இதற்குத் தொட்டுக்கொள்ளக் காரமான மிளகாய்த் துவையல் வரும். பணியாரத்தில் காரமே கிடையாது.

மண்டி இன்னொன்று. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காயோ வேறு காயோ போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து வைப்பது. அந்தக் கழனித் தண்ணீர்தான் அதற்கு உயிர். வெறும் தண்ணீரில் செய்துவிட்டு மண்டி என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை. புளிக்கூட்டு என்று சொல்லிக்கொள்ளட்டுமே, அதில் என்ன குறை?

மாற்றமே கூடாது என்று நான் வாதாடவில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் கப்பலேறி வந்த பிறகுதான் நம் மண்ணுக்கு வந்தது. அதற்கு முன்னால் நமக்கு உறைப்பு தந்தது மிளகு. ஆக, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கும் உப்புக்கறிகூட ஒரு காலத்தில் புதுச் சமையலாகத்தான் இருந்திருக்கும். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு பக்குவம் இருப்பதும் இயல்பு. எண்ணெய் மாறலாம், வெங்காயம் கூடலாம், குறையலாம். எதை எடுத்தால் பண்டமே வேறாகிவிடுமோ, அதைத் தொடும்போதுதான் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் மராத்தி மொக்கும் கிடைக்காத ஊரில் இருக்கும் மகள், இருப்பதை வைத்துச் சமைத்துக் கோழிக்குழம்பு என்று பரிமாறினால், அது நேர்மையான, நிறைவான சாப்பாடு.

உங்கள் வீட்டில் ஆச்சியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உளுந்தை எவ்வளவு குவிப்பார்கள், மாவில் பால் சேர்ப்பார்களா, தீ எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் கையால் எடுக்கும் அளவை அப்படியே தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். பண்டத்தின் பெயரோடு ஊரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.