செம்புலிங்கமும் டோனாவூர் அம்மாவும்

பொருளாதார மந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய பெரிய கொள்ளைக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது பானி பார்க்கர், கிளைட் பாரோ ஜோடியைத்தான். 1934 மே 23 அன்று லூசியானாவில் ஆறு போலீஸ்காரர்கள் மறைந்திருந்து இவர்கள் வந்த ஃபோர்டு காரைச் சல்லடையாக்கினார்கள். கிளைடுக்கு 25 வயது, பானிக்கு 23. பணம் பெரிதாக அடித்த ஜோடியும் இல்லை. பானி கவிதை எழுதுவார். ஜாப்ளின் என்ற ஊரில் பதுங்கியிருந்த வீட்டில் விட்டுவிட்டு ஓடிய ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், சுருட்டும் துப்பாக்கியுமாகப் போஸ் கொடுத்து நிற்கிறார். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்?

நம்ம திருநெல்வேலிச் சீமையில் இதே மாதிரி ஒரு கதை அதற்குப் பத்து வருடம் முன்பே நடந்தது. ஆள், ஜம்புலிங்கம், ஊர்வாயில் செம்புலிங்கம். இங்கே பேனா பிடித்தவர் காதலி அல்ல, ஐம்பதைத் தாண்டிய ஒரு மிஷனரி அம்மா.

அதற்கு முன் இந்த ஜில்லாவின் களவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காவல்காரருக்கு அறுப்பு முடிந்ததும் கூலியாக நெல் அளக்க வேண்டும். அளக்காத வீட்டில் மாடு காணாமல் போகும். போலீசுக்குப் போனால் மாடு வராது. ஒரு ஆள் நடுவில் வந்து துப்புக்கூலி பேசுவார். பணம் கைமாறினால், விடியும்போது மாடு ஊருக்கு வெளியே ஏதாவது மரத்தடியில் நிற்கும்! காவலை ஒழித்துவிட்டதாக கும்பினி சர்க்கார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டு வரை அது ஓடியது. போலீசை நம்புவதைவிடத் திருடனோடு பேசி முடிப்பது லாபம் என்று பழகிய சனம், ஜம்புலிங்கத்தைக் காட்டிக்கொடுக்க அவசரப்படுமா?

அந்த மிஷனரி அம்மா ஏமி கார்மைக்கேல், அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். 1901இலிருந்து களக்காடு பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தவர். 1921இல் மலையடிவாரத்தில் ஜம்புலிங்கம் அவரைச் சந்தித்தார். பொய் வழக்குகள்தான் இவரைக் கொள்ளைக்குத் தள்ளின, இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தார், கடைசியில் கிறிஸ்தவரானார் என்று ஏமி எழுதுகிறார். 1923இல் போலீஸ் ஜம்புலிங்கத்தைச் சுட்டுக் கொன்றது. ஏமியின் புத்தகத்தில் அவர் பெயர் ராஜ்.

அந்தப் புத்தகத்தை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்தான். மனம் திரும்பிய ஒருவரின் கதையை, மனம் திரும்ப வைக்க வந்தவர் எழுதுகிறார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பிரிட்டிஷ் போலீஸ் சுட்ட ஆளை, 1920களிலேயே ஒரு லண்டன் பதிப்பகம் இந்திய ராபின் ஹூட் என்று அட்டை போட்டு விற்றது. கொள்ளை போன வீட்டுக்காரர்களின் கதைக்கு எந்தப் பதிப்பகமும் வரவில்லை.